இருட்டில் வாசித்த பதில்

பார்வையற்றோருக்கான நாற்பது பணியிடங்கள் ஏன் காலியாகவே கிடக்கின்றன என்று சட்டமன்றக் குழு கேட்டது. துறை இயக்குநர் திருஞானம் மீசையைத் தடவிக்கொண்டே பதிலைப் பிரித்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜன்னலில்லாத அறை, செல்போன்களையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

"கரண்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, பதில் சொல்லுங்க," என்றார் குழுத் தலைவர்.

இயக்குநருக்குத் தாளைப் பார்க்காமல் தன் பெயர்கூடச் சொல்ல வராது. அவருக்குப் பின்னால் அமலி உட்கார்ந்திருந்தாள். பிறவியிலேயே பார்வையில்லாதவள், பதினோரு வருஷமாகத் தற்காலிகச் சுருக்கெழுத்தாளர். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பதிலைப் பிரெய்லியில் குத்தியெடுத்துத் தட்டச்சு செய்தவளே அவள்தான்.

"அமலி, உன்கிட்ட இருக்குமே, வாசிம்மா!"

"வாசிச்சிரலாம் சார். ஆனா நான் வாசிச்சா பதில் பொய்யாயிடுமே, பரவாயில்லையா?"

"வாயாடாதே, வாசி!"

அமலி தாளில் விரலை ஓட்டிக் கணீரென்று வாசித்தாள்: "அலுவலகத்தில் எழுதவும் வாசிக்கவும் கண் அவசியம். ஆகவே பார்வையற்றவர் செய்யக்கூடிய வேலை எதுவும் எங்கள் துறையில் இல்லை."

இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வாசிச்சது யாரும்மா?" என்றார் தலைவர்.

"இந்த ரூம்ல இப்ப வேலை செய்ய முடியுற ஒரே ஆளுங்க ஐயா."

"நாற்பதில் முதல் இடம் இவருக்குத்தான்," என்று தலைவர் சொல்லி முடிக்கவும் கரண்ட் வந்தது.

இயக்குநர் மட்டும் இருட்டிலேயே இறுக மூடிக்கொண்ட கண்ணைத் திறக்கவேயில்லை.