கஸ்பார் வாசல் அடைத்த கதை

முத்துக் குளிப்புக்கு ராஜா வரி வாங்கிய காலத்தில், ஒரு கடற்கரை ஊரில் கஸ்பார் என்றொரு தோணிக்காரன் இருந்தான். கோபம் முன்னால் நடக்கும். அவன் பின்னால் போவான்.

ஒருநாள் புயல் அவன் தோணியை உடைத்தது. கஸ்பார் நேரே கோயிலுக்குப் போனான். பூசை நடக்கும்போதே, "ஆண்டவரே, இனி என் வாசலை மிதிக்க வேண்டாம்" என்று கத்திவிட்டு வந்தான்.

கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. இவ்வளவு பேசியவனை ஆண்டவர் சும்மா விடுவாரா?

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவில் ஆண்டவரின் சப்பரம் எல்லா வீட்டு வாசலிலும் நிற்கும். வீட்டார் உப்பும் மிளகும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் நகரும்.

முதல் வருஷம் கஸ்பார், சப்பரம் வந்து நிற்கும் கிழக்கு வாசலை மண்ணால் அடைத்து, மேற்கே வாசல் வைத்தான். கடல் ஏறிக் கிழக்குத் தெரு முழுகிப்போனது. சப்பரம் மேற்கே வந்தது. அவன் பனங்காட்டுக்கு ஓடினான். மனைவி பிரகாசியாள் உப்பு வைத்தாள்.

இரண்டாம் வருஷம் மேற்கை அடைத்து, வடக்கே வைத்தான். மேற்குத் தெருவில் கல்யாணப் பந்தல். சப்பரம் வடக்கே வந்தது. மறுபடியும் பனங்காடு.

மூன்றாம் வருஷம் வடக்கையும் அடைத்தான். வேறு வாசல் வைக்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். "நீங்க ஆண்டவரோட கோவிச்சுக்கோங்க. நான் தண்ணிக்கு எந்த வழியா போறது?" என்று கேட்ட பிரகாசியாள், கடைசிக் கூடை மண் விழுமுன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

சப்பரம் வந்தது. வீட்டைச் சுற்றியது. நின்றது. ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. தூக்கியவர்கள் தோள் மாற்றி மாற்றி, கஸ்பாரின் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்கள். போய்விடலாமே என்றான் ஒருவன். வீடு இருக்கிறது, ஆள் இருக்கிறான், விட்டுப் போக வழக்கமில்லை என்றார் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் இன்னாசி.

சுவருக்குள்ளிருந்து கஸ்பாரின் குரல் கேட்டது. "உபதேசியாரே, மூணு வருஷமா என்னை அடிக்கத்தானே தேடி வாறாரு?"

"அடிக்கணும்னா கூரையைப் பிரிச்சு இறங்கியிருப்பாரு. வாசலுக்கு வாசல் வந்து நிக்கிறாரேடா."

உள்ளே கடப்பாரை விழும் சத்தம். சுவர் சரிந்தது. தலையெல்லாம் மண்ணோடு கஸ்பார் வெளியே வந்தான். உப்பும் இல்லை, மிளகும் இல்லை. வெறுங்கையைக் கூப்பி அழுதான்.

அழுது முடிக்கக்கூட விடாமல், தோள் வலித்த ஒருவன் சப்பரத் தண்டை அவன் தோளுக்கு மாற்றினான்.

ஆகவே கேட்டவர்களே, ஆண்டவருக்கு முதுகைக் காட்டுகிறவனையும் அவர் இரக்கம் விட்டுப் போவதில்லை. அவன் வெளியே வரும்வரை நின்றுகொண்டிருக்கும்.