செவலையின் வயிற்றுக்குக் குடிவந்தவர்கள்

மாடு சொன்னது மனிதருக்கும், மண் சொன்னது மாட்டுக்கும் புரிந்த அந்தக் காலத்தில், மாடுகள் புல் தின்பதில்லை. பழமும் இளந்தளிரும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அவசரமாக மென்று விழுங்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

பூவாயிக்கு இருந்தது ஒரே மாடு, செவலை. அது கன்று ஈன்ற வருஷம் பார்த்து மழை பொய்த்தது. மரங்கள் மொட்டையாகிவிட்டன. கம்பி மாதிரி காய்ந்த புல் மட்டும் எஞ்சியது. பசி தாங்காமல் செவலை அதைத் தின்றது. வயிறு பானையாக உப்பியது, மடி வற்றிப்போனது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது.

“வயிறு நெறஞ்சு கெடக்கு பூவாயி, ஆனா பசி போகல. தின்ன புல்லு அப்படியே கல்லு மாதிரி இருக்கு,” என்றது செவலை.

தண்ணீராவது காட்டலாம் என்று பூவாயி கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டைக் குளத்துக்கு ஓட்டிப்போனாள். குளத்தில் கொஞ்சம் சேறுதான் இருந்தது. அதிலிருந்து குரல் வந்தது.

“தாயே, எங்களக் காப்பாத்து!”

பூவாயி குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

“நாங்க கண்ணுக்குத் தெரியாத பொடிசுங்க. சேத்துல ஊறுற புல்லத் தின்னு பொழைக்கிறோம். இதுவும் காஞ்சா வெயில் எங்களப் பொசுக்கிடும். ஈரமா, இருட்டா ஒரு எடம் காட்டு.”

“காஞ்ச புல்லக்கூடத் தின்பீங்களா?”

“அதுதான் எங்க சோறு.”

பூவாயி செவலையின் வயிற்றைப் பார்த்தாள். செவலை பின்வாங்கியது. “வேணாம். புல்லு தீந்ததும் என்னையே தின்னுட்டா?”

பூவாயிக்கும் அதே பயம்தான். சேற்றிடமே கேட்டாள்.

“குடியிருக்கிற வீட்ட இடிச்சுட்டு நாங்க எங்க போவோம்?” என்றன பொடிசுகள்.

கன்று தலையைத் தூக்கவும் முடியாமல் கிடந்தது. பூவாயி சேற்றை இரு கையாலும் அள்ளி நீட்டினாள். “குடிச்சிடு, செவலை.”

செவலை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தவறு செய்துவிட்டோமோ என்று பூவாயி பயந்தாள். மாட்டின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும்போது உள்ளே கடகடவென்று உருண்டது; பொடிசுகள் செவலையைக் கூப்பிட்டன.

“தாயே, இதெல்லாம் முழுசு முழுசாக் கெடக்கு! எங்க வாய்க்கு இது மரக்கட்டை மாதிரி. மேல அனுப்புறோம், நல்லா அரைச்சுக் குடு!”

விழுங்கிய புல் உருண்டையாகத் தொண்டைக்கு ஏறி வந்தது. செவலை படுத்துக்கொண்டு நிதானமாக மென்று உள்ளே அனுப்பியது. அடுத்த உருண்டை வந்தது, அதையும் மென்றது. பிறகு பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. பூவாயி திடுக்கிட்டு விழுந்து, விழுந்தபடியே சிரித்தாள். வயிறு இளகிவிட்டிருந்தது.

விடியும்போது மடியில் பால் சுரந்திருந்தது. பூவாயி கன்றைத் தாங்கிப் பிடித்து ஊட்டினாள். குடிக்கும் கன்றின் முகத்தைச் செவலை நக்கிக்கொண்டே இருந்தது. அந்த எச்சிலோடு கொஞ்சம் பொடிசுகள் கன்றின் வயிற்றுக்கும் குடிபோயின.

அன்று முதல்தான் மாடு மேய்ந்துவிட்டு வந்து படுத்து அசைபோடுகிறது. நோயில் கிடந்த மாடு மறுபடி வாயை அசைத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர்களுக்கு உயிர் வருவதும் அன்று முதல்தான்.