கோழி தலை தூக்கிய மிடறு

அந்தக் காலத்தில் பறவைகளும் பேசின. பேசியதோடு நிற்காமல் ஓதவும் வந்தன. கடற்கரையோரத்து ஊரொன்றில் மெய்தீன் லெப்பை ஆலிம்சா நடத்திய மதரஸாவில் கோழிக்கும் புறாவுக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய். கோழியோடு வரும் குஞ்சு முற்றத்தில் திரியும். அப்போதெல்லாம் எல்லாப் பறவைகளுமே வைத்த அலகை எடுக்காமல் ஒரே மூச்சில்தான் தண்ணீர் குடிக்கும்.

புறா கெட்டிக்காரன். ஒரு முறை கேட்டால் போதும், கடகடவென்று ஒப்பிப்பான். கோழியோ பாதியில் நிற்பாள். நின்ற இடத்தில் ஒரு கேள்வி கேட்பாள். என்ன செய்வது, கிளறுகிற புத்தி!

பரீட்சை நாள் நல்ல கோடையில் வந்தது. தேறுபவருக்கு ஆலிம்சா தலைப்பாகை கட்டிவிடுவார். தண்ணீர் குடிக்கும் அதபு என்ன, ஒழுங்கு என்ன என்று கேட்டார்.

“அல்லா பேரச் சொல்லி பிஸ்மியோட ஆரம்பிக்கணும். மூணு மிடறா நிறுத்திக் குடிக்கணும். முடிச்சு அல்ஹம்துலில்லாஹ் சொல்லணும்” என்று புறா பிசகில்லாமல் ஒப்பித்தான்.

“ஏன் ஆலிம்சா நிறுத்தணும்? தாகத்துல நிறுத்த முடியுமா?” என்றாள் கோழி.

புறாவுக்குச் சிரிப்பு. “கேள்வி கேட்டா பாடம் ஏறுமா?”

“குடிச்சுப் பாரும்மா, தெரியும்” என்றார் ஆலிம்சா. தேறியது புறாதான். தலைப்பாகை கட்டுமுன் இருவரையும் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்.

கிணறு வற்றிக் கிடந்தது. முற்றத்துச் சட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். இருவரும் குனிந்தார்கள். கோழிக்குத் தாகத்தில் உயிரே போவது போலிருந்தது. ஆனாலும் அந்த ‘ஏன்’ அவளை விடவில்லை. ஒரு மிடறு வாயில் எடுத்துத் தலையைத் தூக்கினாள்.

சுவரோரம் அவள் குஞ்சு தாகத்தில் வாய் பிளந்து சரிந்து கிடந்தது. பதறிப் போனாள். வாயிலிருந்ததை விழுங்காமல் ஓடி அதன் அலகில் ஊற்றினாள். குஞ்சு மெல்லக் கண் திறந்தது. இன்னொரு வாய்க்குத் திரும்பி ஓடினால், சட்டி காலி.

புறா அப்போதுதான் தலையை எடுத்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்றான், சுத்தமான உச்சரிப்போடு.

“காக்கா, எம் புள்ளைக்கு ஒரு சொட்டு வைக்கக் கூடாதா?” என்று அழுதாள் கோழி. (காக்கா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன், காகத்துக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

“ஒம் புள்ளையா? நான் பாக்கலையே!”

“குனிஞ்ச தலைய நிமித்துனாத்தானே வாப்பா தெரியும்” என்றார் ஆலிம்சா. தலைப்பாகைத் துணியை மடித்துத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, குஞ்சுக்குத் தண்ணீர் கேட்க அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அன்று முதல்தான் கோழி மிடறுக்கு மிடறு தலை தூக்கிப் பார்த்துக் குடிக்கிறது. அதைப் பார்த்து மற்றப் பறவைகளும் பழகிக்கொண்டன. புறா மட்டும் பள்ளிவாசல் மாடத்தில் உட்கார்ந்து அதே பாடத்தை முணுமுணுக்கிறது. தண்ணீரைக் கண்டால் இன்றைக்கும் வைத்த அலகை எடுப்பதில்லை.