கொம்பில்லாத மான் ராஜா

வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு காட்டில் ஒரு மான் கூட்டம் இருந்தது. அதன் ராஜா பெருங்கொம்பன். அவனுக்கு ஏழு ராணிகள். கடைசி ராணி மென்குளம்பியை யாரும் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. ஆனால் ராஜாவுக்கு ஆண்குட்டி பெற்றுக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான்!

திடீரென்று ஒருநாள் ராஜா நோயில் செத்துப்போனான். குட்டி புள்ளியனோ இன்னும் பால்குடி மறக்கவில்லை. "அவனுக்குப் பதில் நாங்களே ஆளுகிறோம்!" என்று மூன்று கிழட்டு மான்கள் கிளம்பின. மென்குளம்பி சும்மா இருப்பாளா? காவல் மான்களைக் கைக்குள் போட்டுக்கொண்டு, ஒரே காலையில் மூவரையும் பனிக்குள் விரட்டிவிட்டாள். போனவர்கள் திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து புள்ளியன்தான் ராஜா. அவன் பாறைமேல் நிற்பான். அவனுக்குப் பின்னால் ஒரு நாணல் திரை. திரைக்குப் பின்னால் ராஜமாதா மென்குளம்பி. யார் எதைக் கேட்டாலும் புள்ளியன் திரும்பி, "அம்மா, என்ன சொல்லட்டும்?" என்பான். உள்ளேயிருந்து பதில் வரும். அதுதான் சட்டம்.

ராஜாவின் கொம்பு வளர்ந்து கிளைவிட்டதும் திரையை எடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். அந்த நாள் வரவே கூடாது என்று நினைத்தாள் மென்குளம்பி. விரட்டப்பட்ட மூவரின் பிள்ளைகள் கூட்டத்தில்தானே இருக்கிறார்கள்! அதிகாரம் போன மறுநாளே தன்னைக் குத்திப் போட்டுவிட மாட்டார்களா? பெற்ற மகன் காப்பாற்றுவான் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை, பாவம்.

வசந்தம் வந்தது. புள்ளியன் நெற்றியில் மெத்தென்று இரண்டு முளைகள் எட்டிப் பார்த்தன.

"அம்மா, அரிக்குது! எனக்குக் கொம்பு வருதும்மா!"

"அப்படியா? கிட்ட வா, பார்ப்போம்."

அவன் ஆசையாகத் தலையை நீட்டினான். மென்குளம்பி இரண்டு முளைகளையும் கடித்து எடுத்துவிட்டாள்!

"ஐயோ! வலிக்குதே!"

"புழு வச்சிருந்ததுடா கண்ணா. அம்மா எடுத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதே, என்ன?"

ரத்தத்தை நக்கித் துடைத்தாள். அடுத்த வசந்தத்திலும் கடித்தாள். அதற்கடுத்த வசந்தத்தில், அவள் கூப்பிடாமலே புள்ளியன் வந்து தலையைக் குனிந்து நின்றான்.

அமைச்சர் கருந்தாடிக்குப் பொறுக்கவில்லை. "தாயே, ராஜாவுக்கு இன்னும் ஏன் கொம்பு வரவில்லை?" என்று கேட்டார்.

"அது நோய்! இன்னொரு முறை கேட்டால் நீங்களும் பனிக்குள் போக வேண்டியதுதான்!"

கருந்தாடி வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் காட்டோர ஆறு உறைந்து கல்லாகிவிட்டது. அக்கரை ஓநாய்கள் பட்டப்பகலில் நடந்தே வந்துவிட்டன! மொத்தம் நாற்பது. ஆண்மான்கள் வரிசை கட்டின. ஆனால் வழக்கப்படி முதலில் ராஜா கொம்பைத் தாழ்த்த வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் தாழ்த்துவார்கள்.

"ராஜா, தலையைத் தாழ்த்துங்கள்!" என்று கத்தினார் கருந்தாடி.

புள்ளியன் முன்னால் போய் நின்றான். தலையைத் தாழ்த்தினான். நெற்றியில் இரண்டு தழும்புகள்தான் இருந்தன.

"இவனா உங்க ராஜா? மொட்டைத் தலையா இருக்கானே!" என்று ஓநாய்த் தலைவன் சிரித்தான்.

ஆண்மான்கள் வெட்கிப் பின்வாங்கின. புள்ளியன் வழக்கம்போலத் திரையைப் பார்த்துத் திரும்பினான்.

"அம்மா, என்ன செய்யட்டும்?"

எதைச் சொல்வாள் மென்குளம்பி? ஓடு என்றால் கூட்டமே சிதறி அழியும். நில் என்றால் மகன் போய்விடுவான். திரைக்குள்ளிருந்து அன்றைக்குப் பதிலே வரவில்லை. புள்ளியனோ அம்மா சொல்லட்டும் என்று கழுத்தைத் திருப்பியபடியே காத்திருந்தான்.

ஓநாய் அந்தக் கழுத்தின்மேல் பாய்ந்தது.

"என் மகனே!" என்று அலறி, திரையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தாள் மென்குளம்பி. எல்லாம் முடிந்திருந்தது. பனிக்குள் விரட்டப்பட்ட அந்த மூவரின் பிள்ளைகள்தான் ராஜாவுக்காகக் கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்து, ஓநாய்களை ஆற்றுக்கு அப்பால் துரத்தினார்கள். திரும்பி வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். திரை இல்லை, மகன் இல்லை, அவள் தனியாகத்தான் கிடந்தாள். அவள் பயந்ததுபோல ஒருவரும் அவளைக் குத்தவில்லை.

தன் பயத்துக்காகப் பிள்ளையை வளரவிடாதவர், ஆபத்து வரும் நாளில் அந்தப் பிள்ளையையே பறிகொடுப்பார்.