காலண்டருக்குப் பின்னால் ஈரம்

உட்காருங்கள், சொல்கிறேன். கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்பேன். பாதியில் எழுந்து போகிற ஆட்கள் இப்போதே போய்விடலாம்.

பாளையங்கோட்டையில் ஒரு வளவு. ஒரே காம்பவுண்டுக்குள் மாடியில் வீட்டுக்காரர் நம்பிராஜன், கீழே அடுத்தடுத்து இரண்டு வாடகைக் குடித்தனம். ஒன்றில் திலகவதி, அவள் புருஷன் நயினார், இடுப்பை விட்டு இறங்காத ஒரு மகள். மற்றதில் ஜெபராணி, அவள் புருஷன், படுத்த படுக்கையாகிவிட்ட மாமனார். மூன்று வீட்டுக்கும் மொட்டைமாடியில் ஒரே தொட்டி, ஒரே மோட்டார். மோட்டார் கரண்டு பில்லை மூன்று வீடும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். நம்பிராஜன் நல்ல மனுஷர்தான். ஆனால் சுவரில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. அடித்தால் அட்வான்ஸும் போச்சு, வீடும் போச்சு.

அவர் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்த ஒரு நாள், நயினார் எங்கேயோ ஒரு டிரில்லிங் மிஷினை இரவல் வாங்கி வந்தான். முகம் பார்க்கக் கண்ணாடி மாட்டுகிறானாம்! சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயிலேயே போய் இறங்கியது துளை. பீச்சி அடித்தது தண்ணீர். பதறியடித்து மாடிக்கு ஓடி வால்வை மூடினான், எம்-சீல் வாங்கி வந்து ஓட்டையை அடைத்தான், அதன்மேல் ஒட்டுக் கொக்கி வைத்து மளிகைக் கடைக் காலண்டரைத் தொங்கவிட்டான். பிறகு திலகவதியின் கையைப் பிடித்து மகளின் தலையில் வைத்தான்.

“ஏட்டி, இத ஒருத்தர்ட்டயும் வாயத் திறந்து சொல்லப்படாது. பிள்ளை மேல சத்தியம் பண்ணு.”

அவளும் பண்ணினாள்.

ஓட்டை வெளிப்பக்கம்தான் அடைபட்டது. உள்ளே தண்ணீர் சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. தொட்டி நிறைந்த கையோடு காலியாகும். மோட்டார் ஓயாது ஓடும். பில் வந்தபோது நம்பிராஜன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“யாரு இந்தத் தண்ணிய அள்ளி ஊத்துதீங்க?” என்று கேட்டவரின் கண், கொடியில் வரிசையாகக் காய்ந்த படுக்கை விரிப்புகளில் போய் நின்றது. மாமனாருக்காக ஜெபராணி அலசிப் போட்டவை. அதற்கு மேல் அவர் யாரையும் விசாரிக்கவில்லை.

மறுநாள் முதல் ஜெபராணி அழுக்குத் துணியை வாளியில் திணித்துக்கொண்டு கால்வாய்க்கு நடந்தாள். வளவுக் குழாயில் ஒரு விரிப்பைக்கூட அவள் நனைக்கவில்லை. அப்போதும் மோட்டார் முன்போலவேதான் ஓடியது. கண் இருக்கிற யாருக்கும் அது புரிந்திருக்கும், ஆனால் கோபத்தில் இருக்கிறவருக்கு ஏது கண்!

திலகவதிக்குச் சோறு இறங்கவில்லை. காலண்டரைத் தூக்கிச் சுவரைத் தடவிப் பார்ப்பாள், ஜில்லென்று இருக்கும். மகளின் தலையைப் பார்ப்பாள், வாயை இறுக்கிக்கொள்வாள். அடுத்த பில் இன்னும் ஏறி வந்த அன்று, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஜெபராணியே வாசலில் வந்து நின்றாள்.

“மாமாவக் குளிப்பாட்டுத தண்ணியே இம்புட்டு ஆகுது போல, எங்களால ஒங்களுக்கும் செலவு ஏறுது. மனசுல வச்சுக்கிடாதீங்க அக்கா, மன்னிச்சிருங்க.”

திலகவதி காலண்டர் பக்கம் திரும்பாமல் நின்றாள். “பரவால்ல ஜெபா, விடு” என்றாள்.

பாருங்கள், அன்று மாலையே நம்பிராஜன் ஜெபராணியின் புருஷனைக் கூப்பிட்டு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். படுக்கையில் கிடக்கும் கிழவனாரோடு வருகிறவர்களுக்கு யார் லேசில் வீடு கொடுப்பார்கள்? அலையாய் அலைந்து, ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் கிடைத்தது. சித்திரை வெயில் வேறு.

குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. சாமான் ஏறியது. கடைசியில் மாமனாரைக் கட்டிலோடு தூக்கினார்கள். வெயில் முகத்தில் பட்டதும் பெரியவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் திலகவதி மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். ஓடிப்போய் நம்பிராஜனின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்து வந்தாள். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காலண்டரைக் கழற்றிக் கீழே போட்டாள். பச்சைப் பாசி பிடித்த சுவரின் நடுவே உப்பிக் கிடந்த எம்-சீலை நகத்தால் நெம்பினாள். தண்ணீர் அவள் முகத்திலேயே அடித்தது.

நம்பிராஜன் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், தலையைக் குனிந்தபடி, “சாமான எறக்குங்க” என்றார். கட்டில் வீட்டுக்குள் திரும்பியது.

அதன் பிறகுதான் சண்டையே. “பிள்ளை மேல பண்ணின சத்தியத்த மீறிட்டியே பாவி!” என்று தலையில் அடித்துக்கொண்டான் நயினார். “இத்தனை நாளா மறைச்சியே, அதாம்மா தப்பு” என்றார் நம்பிராஜன். திலகவதி இருவரையும் பார்த்து, “ரெண்டும் இல்ல. நான் பண்ணின பாவம் வேற” என்று அழுதாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சத்தியத்தை மீறியதா, ஓட்டையை மறைத்ததா, இல்லை வேறொன்றா? திலகவதி செய்த பெரிய பிழை எது?

விடை: வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்பதுதான் சத்தியம். அவள் சொல்லவில்லை, காட்டினாள். ஆகவே நயினாரின் வழக்கு நிற்காது. மறைத்தது தப்புதான், ஆனால் அதில் புருஷனுக்கும் பங்கு உண்டு, பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயத்துக்கும் பங்கு உண்டு. ஜெபராணி வாசலில் வந்து மன்னிப்புக் கேட்டாளே, அங்கே போய்ப் பாருங்கள். சத்தியம் அவளைச் சும்மா இருக்கத்தான் சொன்னது. “பரவால்ல, விடு” என்று சொல்லச் சொல்லவில்லை. குற்றமே செய்யாதவளைக் குற்றம் செய்தவள் மன்னித்தாள். அந்தப் பிழை முழுக்க முழுக்க அவளுடையது. கட்டில் வீட்டுக்குள் திரும்பிய அன்றே அவள் ஜெபராணியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். ஜெபராணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் “பரவால்ல அக்கா” என்றும் சொல்லவில்லை.