பிச்சாண்டியோட சக்கர மிஷின்

ஒரு ஊர்ல ஒரு ஆசாரி. போளூர்ப் பக்கம், பேரு பிச்சாண்டி. மரவேலையில கெட்டிக்காரன், வாய் மட்டும் அடங்காது. ம் சொல்லு. ஆங், அப்படி.

அவன் வீட்ல இருந்ததே ஒரு பெரிய ரூம்பு. அது நடுவுல மரம் இழைக்கிற மிஷின், நானூறு கிலோ, ஆனை மாதிரி உக்காந்திருக்கும். அப்போ அவன் பொண்ணு தேவகி தலைப்பிரசவத்துக்கு வெள்ளிக்கிழமை தாய்வீட்டுக்கு வரணும். சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க: "மிஷின் மேலயா என் மருமகளைப் படுக்க வெப்பீங்க? இடமில்லன்னா பிரசவத்த இங்கயே பாத்துக்கறோம்." பிச்சாண்டிக்கு சுருக்குன்னுச்சு.

"மிஷினுக்குச் சக்கரம் வெக்கறேன். பகல்ல வாசல்ல வெச்சு இழைப்பேன், சாயங்காலம் உருட்டிக்கினு வந்து மூலையில ஒதுக்கிடுவேன்"னான்.

"செய்யுங்க, பாக்கலாம்"னா பொண்டாட்டி உண்ணாமலை.

மொதல்ல பீரோவுக்கு மாட்டுற குட்டிச் சக்கரம் நாலு வாங்கியாந்தான். ஆளுங்க புடிச்சு மிஷினைத் தூக்கி மேல வெச்சாங்க. பொடக்! பொடக்! நாலும் அப்பளம்.

அப்புறம் இரும்புச் சட்டம் வெல்டிங் அடிச்சு, பெருசா நாலு சக்கரம் வெச்சான். கடகடகடன்னு ஓடுச்சு. சக்கரம் வந்துட்டா வண்டிதானே, வண்டின்னா பூஜை போடணுமேன்னு சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையும் போட்டான். எல்லாம் போட்டவன் பிரேக் போட மறந்துட்டான்! சுவிட்சைத் தட்டுனானா, டர்ர்ர்ர்... மாலையோட ஆடிக்கினே இவனைப் பாத்து நடந்து வருது! இவன் பின்னாலயே நகந்து நகந்து போயி அடுப்பங்கரைச் சுவரோட ஒட்டிக்கினான். நல்லவேளை, ஒயர் இழுத்து பிளக்கு புடுங்கிக்கிச்சு.

"மாப்ள வராரு, வாங்கன்னு கூப்புடுங்க"ன்னா உண்ணாமலை.

தூங்கிட்டியா? ம்... சரி சரி.

வியாழக்கிழமை ஆயிடுச்சு. சக்கரத்தைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்துட்டான். "எம் பொண்ணு வரமாட்டா போலக்கீது"ன்னு கண்ணு கலங்கிடுச்சு. அதைப் பாத்து உண்ணாமலைக்கும் மனசு கேக்கல. "ஏங்க, மாட்டை அவுத்துட்டா மாட்டுவண்டி எப்படி நிக்குது? மூக்கைத் தரையில ஊனிக்கினுதானே நிக்குது? சக்கரத்தை மட்டும் நம்பியா நிக்குது?"

படார்னு எழுந்தான். பின்பக்கம் ரெண்டே சக்கரம். முன்பக்கம் இரும்புக்காலு ரெண்டு, அதைத் தூக்க சக்கரம் வெச்ச நீளக் கம்பி ஒண்ணு. கம்பியை அமுக்குனா முன்பக்கம் எழும்பி மிஷின் உருளும். விட்டா டொக்குன்னு காலை ஊனிக்கும். சுவிட்சைத் தட்டுனான். டர்ர்ர்ர்... நூலளவு நகரல!

வெள்ளிக்கிழமை தேவகி வந்தா, பின்னாடியே சம்பந்தியம்மா. ரூம்புல கட்டில் போட்டிருக்கு, மிஷின் மூலையில கம்முன்னு நிக்குது. அதை ரெண்டு தள்ளு தள்ளிப் பாத்துட்டு சம்பந்தியம்மா "ம்"னாங்க. உன்னை மாதிரிதான்.

அப்புறம் பாப்பா பொறந்துச்சு. அடேயப்பா, அது கத்துன கத்து! தாலாட்டுக்கெல்லாம் மசியல. சாயங்காலம் மிஷின் உருள்ற கடகட சத்தம் கேட்டாத்தான் கண்ணை மூடும். பாவம் பிச்சாண்டி, மூணு மாசம் வாசலுக்கும் மூலைக்கும், வாசலுக்கும் மூலைக்கும் அதை உருட்டிக்கினே கெடந்தான்.

அந்தப் பாப்பா நீதான்டி, வாயாடி. அந்தப் பிச்சாண்டிக்கு இப்ப முட்டி தேஞ்சுபோச்சு, உருட்ட முடியல. அதனாலதான் தாத்தா கதை சொல்றேன். கதை மூலைக்குப் போயிடுச்சு, காலை ஊனிக்கிச்சு. கடகட... கடகட... கண்ணை மூடு.