அசையாமல் நின்ற சூறாவளி

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. உலகம் தலைகீழாகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கான்சாஸ் புல்வெளியில் சூறாவளியைத் துரத்திப் போகிறவர்களுக்கு அனுபவம்தான் வயது.

செண்பகவல்லி பதினைந்து வருடமாக அந்தத் தொழிலில் இருப்பவள். டல்லாஸில் வேலை பார்க்கும் ஆவுடையப்பனுக்கு இதுதான் முதல் பயணம். அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘அண்ணாச்சி’ என்பாள். இரண்டு பேருக்கும் கோவில்பட்டிப் பக்கம்தான் சொந்த ஊர்.

கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு மரம் இல்லை. ஆவுடையப்பன் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நம்ம கரிசக்காடு மாதிரியே இருக்கு, டீச்சர். எனக்கு அப்ப ஏழு வயசு. பருத்திக்காட்டுல நிக்கும்போது மழையும் காத்துமா வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. அப்பா சாக்கை மடிச்சுத் தலையில கொங்காணி போட்டு, என்னையும் உள்ள இழுத்துக்கிட்டாக. வீட்டுக்கு ஓடல. ரெண்டு பேரும் நின்னு பாத்தோம். சிரிக்கத் தெரியாத மனுசன், அன்னைக்குச் சிரிச்சாக.”

“அப்பா இப்ப எப்படி இருக்காக?”

“எண்பத்தஞ்சு ஆகுது. நான் பாத்து ஆறு வருசமாச்சு. ஞாயித்துக்கிழமை தவறாம அக்காகிட்ட போன்ல கேட்டுருவேன். ‘அப்படியேதான் இருக்காக’ம்பா. இந்த லீவுல ஊருக்குப் போகலாம்னுதான் இருந்தேன். சரி, அப்படியேதான இருக்காக, பொங்கலுக்குப் பாத்துக்கலாம்னு இங்க வந்துட்டேன்.”

செண்பகவல்லி மேற்கு வானத்தைப் பார்த்தபடி வண்டியை ஓட்டினாள்.

நாலு மணிவாக்கில் மேற்கே மேகம் திரண்டது. அவள் பாதையோரம் நிறுத்தினாள். மேகத்தின் அடியிலிருந்து தும்பிக்கை போல ஒன்று இறங்கித் தரையைத் தொட்டது. ஆவுடையப்பன் கேமராவோடு குதித்தே விட்டார். சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ஆடாம அசையாம நிக்குது, டீச்சர்! எனக்காகவே நிக்குது!”

“அந்த மின்கம்பத்துக்கு நேரா வச்சுப் பாருங்க. இடது பக்கம் நகருதா, வலது பக்கம் நகருதா?”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “எங்கயும் நகரல. கம்பத்துக்குப் பின்னாலயே நிக்குது.”

“வண்டியில ஏறுங்க.”

“அஞ்சே நிமிசம். நாலு போட்டோ எடுத்துட்டு...”

“ஏறுங்க அண்ணாச்சி!”

ஏறினார். அவள் தெற்கே திருப்பி விரட்டினாள். ஆவுடையப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஏழு வயதிலிருந்து வளர்த்த ஆசை, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று புழுங்கினார்.

ஒரு மேட்டில் வண்டி நின்றது. அவள் தொலைநோக்கியை எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் நின்றிருந்த இடத்தைக் கடந்து சூறாவளி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பாதையோர மின்கம்பங்களைத் தேடினார். அந்த இடத்தில் ஒன்றைக்கூடக் காணோம்.

அவர் தொலைநோக்கியை இறக்கினார்.

“நின்ன இடத்துலதான டீச்சர் நின்னுச்சு?”

“பக்கவாட்டுல நகர்ந்தா, அது பாட்டுக்கு அதோட வழியில போகுதுன்னு அர்த்தம். நின்ன இடத்துலயே நிக்கிற மாதிரி தெரிஞ்சா, ஒண்ணு நேரா நம்மகிட்ட வருது, இல்லைன்னா நேரா நம்மள விட்டுப் போகுது. எதுவானாலும் அது நிக்கல.”

திரும்ப வண்டியில் ஏறினார்கள். மழை பிடித்துக்கொண்டது.

“அண்ணாச்சி, போன ஞாயித்துக்கிழமை அக்கா என்ன சொன்னாக?”

“அதான் சொன்னேனே. அப்படியேதான்...”

மின்கம்பத்துக்குப் பின்னால் அசையாமல் நின்றது அவருக்கு நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் அடித்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் சாக்குக்குள் இப்போதே போய் நின்றுகொள்ள வேண்டும்போல இருந்தது. கேமராவை உறைக்குள் வைத்து மூடினார்.

“டீச்சர், ஏர்போர்ட் இங்கேருந்து எவ்வளவு தூரம்?”

“ரெண்டு மணி நேரம்” என்றாள் செண்பகவல்லி. “அங்கதான் போய்க்கிட்டிருக்கோம்.”